பின்னல் குறிப்புகளில் ‘கூட்டுக’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அவ்வப்போது வெளியாகும் கம்பளிப் பின்னல் குறிப்புகளைத் தவறாமல் படித்து வருகிறேன். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தக்கலையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில், அந்தக் குறிப்புகள் புதிதாகக் கற்பவர்களுக்கு முழுமையாகப் பயன்பட வேண்டும் என்ற விருப்பத்தால் இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கம்பளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆனி, ஆடிச் சாரலில் பிறக்கும் பேரக்குழந்தைக்குத் தொப்பியும், குளிர்நாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு ஸ்வெட்டரும் பின்னித் தர விரும்பும் பெண்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள்.

முன்பக்கம் வழவழப்பாகத் தெரியும் நிட், சிறு மேடாகத் தெரியும் பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் கைக்குப் பழக நெடுநாள் ஆவதில்லை. கை பழகிய பிறகு அச்சிட்ட குறிப்பை எடுத்து வைத்து உட்காரும்போதுதான் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். ‘கே’ என்றால் நிட், ‘பி’ என்றால் பர்ல், ‘எஸ்.டி.’ என்றால் ஒரு கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), ‘ஆர்.எஸ்.’ என்றால் துணியின் நல்ல பக்கம், ‘டபிள்யூ.எஸ்.’ என்றால் உள்பக்கம் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டால் மனத்தில் பதிந்துவிடும். நட்சத்திரக் குறியிட்ட இடத்திலிருந்து வரிசையின் கடைசி வரை திரும்பத் திரும்பப் பின்ன வேண்டும் என்பதும், அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள் பெரிய அளவுகளுக்கு உரியவை என்பதும் ஒருமுறை சொன்னால் விளங்கிவிடும். தனக்குரிய அளவின் எண்ணைத் தொடக்கத்திலேயே பென்சிலால் வட்டமிட்டுக் கொள்வது நல்லது.

கண்ணிகளைக் கூட்டும் இடம் அப்படி எளிதில் விளங்குவதில்லை. ‘இன்க்’ என்றோ ‘கூட்டுக’ என்றோ ஒரே சொல்லில் குறிப்பு நின்றுவிடுகிறது. எப்படிக் கூட்டுவது என்பதைச் சொல்வதில்லை. கூட்டும் முறைகள் பல. ஒரே கண்ணியின் முன்காலில், அதாவது ஊசிக்கு முன்பக்கம் நிற்கும் நூலில் ஒருமுறை பின்னி, அதை ஊசியிலிருந்து விடாமல், பின்பக்கம் நிற்கும் பின்காலிலும் ஒருமுறை பின்னுவது ‘கே எஃப் பி’. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் ‘இன்க்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். இதில் பர்ல் போன்ற ஒரு சிறு முடிச்சு முன்பக்கத்தில் தெரியும். இரண்டு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் குறுக்கு நூலை ஊசியால் தூக்கி, அதை முறுக்கிப் பின்னுவது ‘எம் ஒன்’. அந்த நூலை இடது ஊசியால் முன்னிருந்து பின்னாக எடுத்துப் பின்கால் வழியே பின்னினால் புதிய கண்ணி இடப்பக்கம் சாயும். பின்னிருந்து முன்னாக எடுத்து முன்கால் வழியே பின்னினால் வலப்பக்கம் சாயும். முறுக்காமல் பின்னினால் ஓட்டை விழும். நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றையே அடுத்த வரிசையில் கண்ணியாகப் பின்னுவது ‘ஒய் ஓ’. இதில் வேண்டுமென்றே ஓட்டை விடுகிறோம். லேஸ் போன்ற பின்னல்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை. ஓட்டை கூடாத குழந்தைத் தொப்பியில் இதைப் போட்டுவிட்டால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மிகப் பழைய குறிப்புகளில் ‘ஒரு கண்ணி உண்டாக்குக’ என்பது நூலைச் சுற்றும் முறையைக் குறித்தது. இன்று அதே தொடர் குறுக்கு நூலைத் தூக்கும் முறையைக் குறிக்கிறது. ஆகவே குறிப்பின் காலத்தையும் ஊரையும் பார்க்காமல் சுருக்கத்தை மட்டும் நம்ப முடியாது.

தோற்றத்தைவிட முக்கியமான வேறுபாடு கணக்கில் இருக்கிறது. ‘கே எஃப் பி’ ஊசியில் இருக்கும் ஒரு கண்ணியைப் பயன்படுத்திக்கொண்டு அதை இரண்டாக்குகிறது. ‘எம் ஒன்’ எந்தக் கண்ணியையும் எடுத்துக்கொள்வதில்லை. இடைவெளியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. 72 கண்ணிகள் உள்ள வரிசையில் சம இடைவெளியில் எட்டுக் கண்ணிகளைக் கூட்டி 80 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் 8 கண்ணி பின்னி, ஒன்பதாவதில் கூட்டி, இதை எட்டு முறை செய்தால் சரியாக 80 வரும். 9 பின்னிப் பத்தாவதில் கூட்டினாலோ ஏழு முறைதான் கூட்ட முடியும். இரண்டு கண்ணிகள் மிஞ்சும், மொத்தம் 79 ஆகும். இரண்டாம் முறையில் முதலில் 5 பின்னி ஒன்று சேர்த்து, பிறகு 9 பின்னி ஒன்று சேர்ப்பதை ஏழு முறை செய்து, மீதி 4 கண்ணிகளைப் பின்னி முடிக்க வேண்டும். கடைசிக் கண்ணிக்கு அப்பால் தூக்குவதற்குக் குறுக்கு நூல் இராது என்பதால்தான் இப்படிப் பிரித்துக்கொள்கிறோம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்துவிட்டால் புதியவர்களின் பாதித் தயக்கம் போய்விடுவதை நான் கண்ணாரக் கண்டு வருகிறேன்.

ஸ்வெட்டர் கை பின்னும்போது வரும் நீண்ட வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். ‘அடுத்த வரிசையிலும், அதன்பின் ஒவ்வொரு நான்காம் வரிசையிலும் இரு முனைகளிலும் ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டி 60 கண்ணி ஆகும்வரை பின்னுக’ என்று குறிப்பில் இருக்கும். 40 கண்ணியில் தொடங்கினால் 20 கூட்ட வேண்டும். ஒரு வரிசைக்கு இரண்டு வீதம் பத்துக் கூட்டல் வரிசைகள். முதலாவது உடனே வருவதால், மீதி ஒன்பதுக்கு நான்கு வரிசை வீதம் 36 சேர்த்து மொத்தம் 37 வரிசைகள். இந்தக் கணக்கை முன்னதாகவே தாளில் போட்டு, கூட்டி முடித்த ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனால் இடையில் அடுப்படிக்கு எழுந்து போனாலும் எண்ணிக்கை தவறாது. ‘கே எஃப் பி’ முறையில் இரு ஓரங்களும் ஒத்திருக்க, தொடக்கத்தில் முதல் கண்ணியிலும், முடிவில் கடைசிக்கு முந்திய கண்ணியிலும் கூட்ட வேண்டும். முடிச்சு எப்போதும் பின்னிய கண்ணிக்கு இடப்பக்கம் விழுவதே காரணம்.

பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளின் வேறுபாடும் குறிப்புகளில் தெளிவாக இருப்பதில்லை. பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே எண் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் தடிக்கும். எண்ணை மட்டும் நம்பிப் பின்னினால் பச்சைக் குழந்தைக்கு எண்ணிய தொப்பி பெரிய பிள்ளைக்குப் பொருந்தும்.

நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனரி சங்கத்தின் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததை இம்மாவட்டத்தார் அறிவார்கள். திண்டின்மேல் வைத்துப் பின்னும் அந்த லேஸுக்கு ஊசித்துளையிட்ட அட்டையே வழிகாட்டி. ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் தெரிய வேண்டிய தேவையே அதில் இல்லை. கம்பளிப் பின்னலுக்கும் கட்டம் போட்ட வரைபடங்கள் உண்டு. அவற்றைக் கீழிருந்து மேலாகவும், நல்ல பக்க வரிசைகளை வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும். எழுத்துக் குறிப்பின் பக்கத்திலேயே வரைபடமும் அச்சானால் ஆங்கிலம் அறியாத பெண்ணும் தானாகப் பின்ன முடியும்.

ஆகவே, இனி வெளியாகும் ஒவ்வொரு குறிப்போடும் அதில் வரும் சுருக்கங்களின் தமிழ் விளக்கத்தை அச்சிட வேண்டும் என்றும், எந்த முறையில் கூட்ட வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்றும், கூட்டிய வரிசையின் முடிவில் ஊசியில் எத்தனை கண்ணிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணையும், ஊசியின் அளவை மில்லிமீட்டரிலும் தர வேண்டும் என்றும் வேண்டுகிறேன். இடம் போதாது என்றால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக் கொள்ளலாம். கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.