பறவைப் படம் மங்குவதற்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நவம்பரில் வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வந்து சேரும்போது, முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவோடு இளைஞர்களும் ஏரிக்கரைக்கு வருகிறார்கள். பலர் கையில் இருப்பவை 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என்ற இரண்டு லென்ஸ்கள்; எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும். படம் கூர்மையாக விழவில்லை என்றதும் கடன்பட்டாவது 150-600 வாங்கத் துடிக்கிறார்கள். ஏறக்குறைய 2 கிலோ கனமுள்ள அந்த லென்ஸில் கை நடுக்கம் இன்னும் பெரிதாகத்தான் தெரியும். கையில் இருப்பதை வைத்தே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மங்கலுக்கு முதல் காரணம் ஷட்டர் வேகம் குறைவது, அதாவது படத்தைப் பதியும் சென்சாரில் ஒளி விழும் நேரம் நீள்வது. கேனானின் சிறிய சென்சாரில் 250 மி.மீ. லென்ஸ், முழு அளவுச் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும். சிறு அசைவும் அதே அளவுக்குப் பெரிதாகும். அசையாமல் நிற்கும் கொக்குக்கே 1/500 வினாடி வேண்டும். பறக்கும் நாரைக்கு 1/1600, பாயும் மீன்கொத்திக்கு 1/2500க்குக் குறையக் கூடாது. ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடில் (கேனானில் டிவி - Tv, நிக்கானில் எஸ் - S) இந்த வேகத்தை வைத்து, ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 ஆக்கிவிடலாம். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் (M) மோடைப் பலர் சொல்வதும் நல்லதுதான். ஆனால் அதில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால், கேனானின் தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, கூட்டிக் குறைக்க முடியாது. படத்தில் புள்ளி விழுமே என்று அஞ்சி ஐஎஸ்ஓவை 200இல் கட்டிவைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். புள்ளிகளைக் கணினியில் குறைக்கலாம், பறவை அசைந்து குழம்பிய படத்தை மீட்க முடியாது.

அடுத்தது ஃபோகஸ். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்து வைத்தால் பறவைக்கு முன்னால் நிற்கும் கோரைப்புல்லைத்தான் கேமரா பிடிக்கும். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் கிடைக்கோடு, நிலைக்கோடு இரண்டையும் உணரக்கூடியது. அதை மட்டும் தேர்ந்துகொண்டு, அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் ஃபோகஸை (கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி) வைத்து, பறவையின் கண்ணில் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

வெள்ளைப் பறவைகளிடம் கேமராவின் ஒளிமானி ஏமாந்துபோகும். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதே அதன் இயல்பு. கருவேல மரத்தின் இருட்டை முதுகில் வைத்துக் கொக்கு நின்றால் இறகுக் கோடுகள் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்க வேண்டும். வெளிச்சமான வானில் பறந்தால் பறவை கறுத்துவிடும். ஒரு படி கூட்ட வேண்டும். அளவுக்கு மீறி வெளுத்த இடம் திரையில் மினுக்கும் வசதியை மெனுவில் போட்டுவைத்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் படம் குழைந்திருந்தால் நேரத்தைப் பாருங்கள். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் சூடான காற்று நெளியத் தொடங்கும். அதன் ஊடே 100 மீட்டருக்கு அப்பால் உள்ள பறவையை எந்த விலை லென்ஸும் தெளிவாக எடுக்காது. விடிந்ததும் இரண்டு மணி நேரம், மாலை நான்குக்குப் பிறகு, அவ்வளவுதான்.

பழகுவதற்குச் சரணாலயம் தேவையில்லை. உழவு வயலின் உண்ணிக்கொக்கு ஆளைக் கண்டு எளிதில் பறக்காது. மின்கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்ததும் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம்.

மலையும் ஏரியும் எடுக்க 18-55 போதும். 18 மி.மீ., லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 வைத்து 2 மீட்டரைச் சற்றுத் தாண்டி ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். எஃப் 22க்குப் போனால் துளை மிகச் சிறிதாகி, அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை குறையும். முக்காலியில் ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடலாம்.

புதியவர்கள் பலரும் பிறர் பயன்படுத்திய கேமராவும் லென்ஸும்தான் வாங்குகிறார்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து, சிலந்திவலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். நம் கடலோர ஈரத்தில் பை சும்மா கிடந்தாலே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிக்கான் டி3500, டி5600 கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தமக்கென மோட்டார் இல்லாத, மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாக ஃபோகஸ் செய்யா.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாசகர் எடுத்த படங்களை வெளியிடும்போது ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, லென்ஸ் அளவு மூன்றையும் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள்; கற்பவர்களுக்கு அது பெரிய உதவி. கூட்டில் முட்டையோ குஞ்சோ தெரியும்படி அருகில் எடுத்த படங்களை வாங்காதீர்கள். மறைக்கும் கிளையை ஒடித்துத்தான் பல நேரம் அப்படிப் படமெடுக்கிறார்கள். தாய் எழுந்து பறந்த சில நிமிடங்களில் முட்டை வெயிலில் வெந்துபோகும், அல்லது காகம் கொண்டுபோகும். இரை தேடும் பறவை கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்தாலே அதற்கு மேல் ஓரடியும் வைக்கக் கூடாது என்பதையும் படத்தின் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுராந்தகம்