அடைமழையில் எங்கள் கிடைகளைக் காத்தவர்களுக்கு நன்றி

தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர், விளாத்திகுளம் சுற்றுவட்டாரக் கரிசல் காடுகளில் இரவில் ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போடும் செம்மறிக் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதும் மடல் இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் ஆடுகளுக்காக அலைந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொல்லிக்கொடுத்தது மற்ற கிடைகளுக்கும் உதவட்டும் என்று அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு. ஆடு நொண்டினால் கோமாரி, வாயில் புண் வந்தால் ஆட்டுக்கொல்லி என்று பேர் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா ஆட்டைப் பிடிக்கச் சொல்லி, குளம்புக்கு மேலே மயிர் தொடங்கும் இடத்தை விலக்கிக் காட்டினார்கள். அங்கே செக்கச்செவேலென்று கோடு ஓடி, உதடும் முகமும் காதும் வீங்கியிருந்தால் நீலநாக்கு நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கோமாரியில் கொப்புளம் குளம்பின் இடுக்கில் வரும். பக்கத்துத் தொழுவத்து மாடும் நொண்டும். ஆட்டுக்கொல்லி என்றால் கண்ணில் பூளை, வாயில் துர்நாற்றம், கழிச்சல், மூச்சிரைப்பு. வெள்ளாடும் சேர்ந்து விழும். நாக்கு நீலமாக மாறுவது சில ஆடுகளில்தான். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. செம்மறியின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 102, 103 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் அப்போதே பிரித்து நிழலில் கட்ட வேண்டும். வெயில் பட்டால் நீலநாக்கு ஆட்டின் நிலை இன்னும் மோசமாகும்.

இது வைரஸ் நோய். அதைக் கொல்லும் மருந்து இல்லை. ஆடு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வாயைக் கழுவி, புண்ணில் போரிக் பொடியைக் கிளிசரினில் குழைத்துத் தடவலாம். ஆறிய கம்பங்கஞ்சியை அகன்ற சட்டியில் வைத்து ஆடே குடிக்க விட வேண்டும். தொண்டைத் தசையும் இந்த நோயில் கெட்டுப்போகிறது. மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கி, நோய்க்குத் தப்பிய ஆடும் சளியில் செத்துப்போகும். இதை அம்மா ஒவ்வொரு கிடையிலும் நின்று சொன்னதால் பிழைத்த ஆடுகள் பல. ஆன்டிபயாடிக் ஊசி, நோயோடு வந்து சேரும் சளிக்குத்தான். அதையும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை முழுதாகப் போட வேண்டும்.

கால்நடை ஆய்வாளர் ஐயா கிடைகளை மேட்டு நிலத்துக்கு மாற்றச் சொன்னார். நீலநாக்கைப் பரப்பும் பொடிக்கொசு சாணி கலந்த சேற்றில் பெருகி, பொழுது சாய்ந்தபின் கடிக்கிறது. அந்நேரம் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுகிறோம். தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 என ஐந்து வகை வைரஸ்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மழை தொடங்குமுன்பே போட்டு முடித்தால்தான் பலன்.

கொழுத்த குட்டி ராத்திரியோடு ராத்திரியாகத் துள்ளி விழுந்து செத்தபோது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதை அடக்கியவர்கள் நோய் புலனாய்வுப் பிரிவின் ஆய்வகத்தார். இரு முனையும் கட்டிய சிறுகுடல் துண்டை ஐஸ் பெட்டியில் வாங்கிப் பார்த்து, துள்ளுமாரி என்று உறுதி செய்தார்கள். அறுவடைக் காட்டில் உதிர்ந்த தானியத்தையோ மழைக்குத் துளிர்த்த இளம்புல்லையோ வயிறு முட்டத் தின்னும்போது குடலில் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. வைத்தியத்துக்கு நேரமே இருக்காது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் வழி. முதல்முறை போடும் குட்டிக்கு இரண்டாவது ஊசியும் கட்டாயம். 1932 முதல் இயங்கும் இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தாருக்கும் இந்த இடத்தில் நன்றி. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்த ஆட்டை மட்டும் யாரும் அறுக்கக் கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் தராசோடு வந்தார்கள். சாயங்காலம் வீங்கிக் காலையில் வடியும் தாடை, வெளுத்த கண் இமை, இரண்டும் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவின் அடையாளம். 2.5 சதவீத அல்பெண்டசோல் மருந்தில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 20 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி. குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால், மருந்துக்கு மசியாத புழு மிஞ்சிப் பெருகும். சினையின் முதல் மாதத்தில் இந்த மருந்து வேண்டாம். தலையை அண்ணாத்திப் பிடிக்காமல், கடைவாய் வழியாக மெதுவாக விட வேண்டும்.

தாயிழந்த குட்டிகளுக்குத் தங்கள் ஆட்டின் சீம்பாலைக் கறந்து கொடுத்த பெண்களை மறக்க மாட்டோம். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் 250 மில்லி, பலமுறையாகப் பிரித்து, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினார்கள். தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்தவர்களும் அவர்கள்தான்.

கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணில் கூப்பிட்டபோதெல்லாம் கரிசல் சேற்றில் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநர் தம்பிகளுக்கும் நன்றி. குட்டிகளுக்கு மூன்று மாதம் நிறைந்ததும் ஆட்டுக்கொல்லி ஊசிக்குச் சொல்லி அனுப்புகிறோம். விடியுமுன் பட்டியில் மடக்கி வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கிடை போடும் செம்மறிக் குடும்பத்தார்