ஈயத்துக்குத் தனி லைன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்துவிட்டு உங்களில் நாலைந்து பேர் போன் செய்தீர்கள். "அதே சர்க்யூட் போர்டு, அதே எண்ணிக்கை. விலை ஏன் ஏறியது? டெலிவரி ஏன் பத்து நாள் தள்ளிப்போகிறது?" கேட்டது நியாயம்தான். ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லிக் குழப்பிவிட்டோம், அதனால் எழுதியே தருகிறோம். ராணுவக் கருவிகளுக்குப் போகும் போர்டுகளை இப்போது ஈயம் கலந்த சால்டருக்கான (பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் உலோகம்) தனி லைனில் செய்கிறோம். அவற்றுக்கு மட்டும்தான் இந்த மாற்றம். தெருவிளக்கு, யுபிஎஸ், மோட்டார் கன்ட்ரோலர் போர்டு தருகிறவர்களுக்குப் பழைய விலை, பழைய தேதிதான்.

எல்லாம் ஒரு போர்டில் தொடங்கியது. மழைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் வயர்லெஸ் செட் போர்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினார். மேஜைமேல் வைத்தால் நன்றாக ஓடுகிறது. குளிர்ப்பெட்டியில் மைனஸ் 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது. வெளியே எடுத்து அரை மணி விட்டால் மறுபடி உயிர் வருகிறது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் போர்டை அறுத்து, ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தோம். பிஜிஏ ஐசியின் (கால்களுக்குப் பதில் அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள சிப்) அடியில், கடுகைவிடச் சின்னதாக வரிசையாக இருக்கும் சால்டர் உருண்டைகள் உருகவே இல்லை. அடியில் பூசிய சால்டர் பேஸ்ட் மட்டும் உருகி, உருண்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. குளிரில் சுருங்கியதும் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

தப்பு எங்களுடையது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத சால்டருக்கு 217 டிகிரியைத் தாண்ட வேண்டும். சால்டரை உருக்கும் எங்கள் ரீஃப்ளோ ஓவன் ஈயக் கணக்குக்கு 210 வரைதான் போனது. ஐசி தயாரித்தவர் உருண்டையை ஈயமில்லாததாக மாற்றிவிட்டு, பார்ட் நம்பரின் கடைசியில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தார். அந்த எழுத்தை ஸ்டோரில் யாரும் கவனிக்கவில்லை.

சரி, எல்லாவற்றையும் ஈயமில்லாததாகவே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் நுகர்வோர் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை வந்தது. சந்தை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் ராணுவக் கருவிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. நாங்களும் ஈயத்தை விடாததற்குக் காரணம் உண்டு. சுத்தமான வெள்ளீயம் பூசிய பாகத்தின் காலில் நாளடைவில் மெல்லிய மயிர்போல உலோகம் தானாகவே வளரும். டின் விஸ்கர் என்பார்கள். பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட். 1998இல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் பெரும்பாலான பேஜர்கள் ஊமையாயின. இந்த மயிர்தான் காரணம் என்று பிறகு கண்டார்கள். மூன்று சதவீதம் ஈயம் கலந்தாலே இதை நன்றாக அடக்கிவிடலாம். செல்போனை மூன்று வருடத்தில் தூக்கிப் போடுகிறோம். ராணுவக் கருவியோ கிடங்கில் பல வருடம் கிடந்துவிட்டு, எடுத்த அன்றே ஓட வேண்டும்.

எனவே இரண்டையும் ஒரே லைனில் ஓட்டும் பழக்கத்தை விட்டோம். ஈயத்துக்கு ஓவன், பேஸ்ட் பூசும் ஸ்டென்சில், சால்டரிங் அயர்ன் எல்லாம் தனி. உள்ளே வரும் ஒவ்வொரு பாக ரீலிலும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியால் (எக்ஸ்ரே மூலம் உலோகத்தைக் கண்டறிவது) காலில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஈயமில்லாமல் மட்டுமே கிடைக்கும் பிஜிஏவுக்குப் பழைய உருண்டையைக் கழற்றி ஈய உருண்டை வைக்கிறோம். நாள்களைத் தின்பது இந்த வேலைதான். அப்புறம் ஒவ்வொரு போர்டையும் எங்கள் பெட்டியிலேயே குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறோம். நீங்கள் ஜேஎஸ்எஸ் 55555 (ராணுவக் கருவி குளிர், சூடு போன்றவற்றைத் தாங்குமா என்று பார்க்கும்) சோதனைக்குக் கொண்டுபோன பிறகு தெரிவதைவிட இங்கேயே தெரிவது இருவருக்கும் மலிவு.

கோட்டிங் (போர்டின்மேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) பற்றியும் ஒரு வார்த்தை. நம் ராணிப்பேட்டைக் காற்று உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் தோலின் முடியை நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள், அதிலிருந்து வரும் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். கொலுசு கறுக்கிற அதே கதைதான். வெள்ளி பூச்சுள்ள வெறும் போர்டுகளை இனி ஸ்டாக் வைப்பதில்லை. தங்கப் பூச்சு போர்டு மட்டும், அதுவும் சீல் வைத்த கவரில். கோட்டிங் அடித்த பிறகு, இருட்டு அறையில் புற ஊதா விளக்கின் கீழ் போர்டைப் பிடித்தால் பூச்சு நீலமாக ஒளிரும். பூச்சு படாத இடம் கறுப்பாகத் தெரியும். அந்த அறையில் உட்காரும் அக்காவின் தம்பி பட்டாளத்தில் இருக்கிறார். அதனால் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் அக்கா விட மாட்டார், சில நாள் எங்களுக்கே எரிச்சல் வரும்.

கடைசியாக, நீங்களே கொண்டுவந்து தரும் பாகங்கள். அவசரத்துக்குச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கவரை அப்படியே கொடுக்கிறீர்கள். போலி என்று சொல்லவில்லை, ஆனால் அதோடு சான்றுத் தாள் எதுவும் இல்லை. 2012இல் அமெரிக்க செனட் குழு ஒன்று ராணுவச் சப்ளையில் போலி என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்களைக் கண்டது. பாகங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. பழைய ஐசியைச் சுரண்டி, மேலே கறுப்பு பூசி, புது நம்பர் அடித்துவிடுகிறார்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தால் சில சமயம் கறுப்பு கையோடு வரும், சில சமயம் வராது. அதனால் இனி தயாரிப்பாளர் சான்றிதழ் இல்லாத பாகத்தை ராணுவ போர்டில் ஏற்ற மாட்டோம்.

அடுத்த பர்சேஸ் ஆர்டரில் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை முழுசாக எழுதுங்கள். உருண்டை உருகாத அந்த ஐசி போட்ட மூன்று லாட்டுகளை வாங்கியவர்களுக்குத் தனிக் கடிதம் போயிருக்கிறது. போர்டுகளைத் திருப்பி அனுப்புங்கள், லாரி செலவும் உருண்டை மாற்றும் செலவும் எங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் போர்டு அசெம்பிளிக் கூடத்தார்,
ராணிப்பேட்டை