ஒக்சாப்மின் மலைக்குச் சாமான் போய்ச் சேர்ந்தது: சுமந்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் நன்றி

நண்பர்களே, வணக்கம்.

முதலில் நல்ல செய்தி. பாப்புவா நியூ கினியின் மலை ஊர் ஒன்றுக்காக நாம் பணம் திரட்டி வாங்கிய சோலார் தகடு, பேட்டரி, விளக்குகள், குழந்தை எடைபார்க்கும் தராசு எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே இருக்கும் எய்ட் போஸ்ட்டின், அதாவது சின்னக் கிராமச் சுகாதார நிலையத்தின், பிரசவ அறையில் இப்போது ராத்திரியில் விளக்கு எரிகிறது. இதுவரை அங்கே டார்ச்சை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க, அந்த வெளிச்சத்தில்தான் குழந்தை பிறந்தது. பணம் அனுப்பிவிட்டு "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, மேலே சிக்னல் கிடையாது.

பாப்புவா நியூ கினி என்றால் நம் ஆட்களில் பலருக்கு, 2012-ல் மேற்கு நியூ பிரிட்டன் மாகாண ஆளுநரான சிவகங்கைக்காரர் சசீந்திரன் முத்துவேல் ஞாபகத்துக்கு வருவார். அதோடு சரி. அவருடைய மாகாணம் ஒரு தீவில் இருக்கிறது. நான் சொல்லும் இடம் நாட்டின் இன்னொரு கோடி: சந்தாவுன் மாகாணம், டெலிஃபோமின் மாவட்டம், ஒக்சாப்மின். மாகாணத் தலைநகரான வனிமோ வடக்கே கடற்கரையில் இருக்கிறது, அங்கே போகவும் இவர்களுக்கு விமானம்தான் வேண்டும். சாமான் போன ஊர் ஒக்சாப்மின் ஓடுதளத்திலிருந்தும் இன்னும் நடை தூரத்தில், மலை ஏறி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போடவில்லை; ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள்.

கணக்கு அனுப்பியதும் ஒரு அண்ணன் கேட்டார், "சாமான் விலையைவிடக் கூலி அதிகமாக இருக்கிறதே, தம்பி?" நியாயமான கேள்விதான். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து லே நகரத்துக்கே சாலை கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான். அதனால் எல்லாவற்றையும் லேயிலேயே வாங்கி, அங்கிருந்து ஹைலேண்ட்ஸ் நெடுஞ்சாலையில் லாரி ஏற்றி மவுண்ட் ஹேகன் கொண்டுவந்து, அங்கே சின்ன விமானத்துக்குக் காத்திருந்து, ஒக்சாப்மினில் இறக்கி, அப்புறம் ஆள் தலையிலும் தோளிலும். ஒவ்வொரு கட்டத்திலும் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. பேட்டரி வேறு அபாயச் சரக்குப் பட்டியலில் வருவதால் அதற்குத் தனிப் பெட்டி, தனிக் காகிதம். உங்கள் பணத்தில் பெரும்பங்கு சாலை இல்லாத குறைக்குத்தான் போனது. அங்கே உப்பும் சோப்பும் மண்ணெண்ணெயும் இதே வழியில்தான் வருகின்றன, அந்த விலையை ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்கக் கொடுக்கிறார்கள்.

லேயில் சாமானைத் தேடி வாங்கி, தெர்மக்கோல் வைத்துக் கட்டி, லாரிக்காரரிடம் பேரம் பேசிய மதுரைக்கார அண்ணனுக்கு முதல் நன்றி. மோர்ஸ்பியில் வீடு வீடாகப் பணம் வசூலித்த அக்காவுக்கும், நம் ஊரிலிருந்து சின்னச் சின்னத் தொகையாக அனுப்பியவர்களுக்கும் அதே அளவு நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள், அதையும் கவனித்தேன்!

அடுத்தது எம்.ஏ.எஃப். (மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்) விமானிகள். 1951-லிருந்து இந்த நாட்டு மலைகளில் பறக்கிற சேவை அது. சரக்கை மட்டுமல்ல, நம்மையும் பையோடு சேர்த்து எடை போடுவார்கள், ஏனென்றால் ஓடுதளம் குட்டை, மலைக்காற்று மெல்லியது, ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மதியத்துக்குள் மேகம் மூடிவிட்டால் அன்றைக்கு விமானம் இல்லை. ஏன் இன்றைக்கு வரவில்லை என்று அங்கே யாரும் கோபப்படுவதில்லை. நான் பட்டேன், பலனில்லை. மலைகளில் உள்ள இந்த ஓடுதளங்கள் பல மண்ணும் புல்லும்தான். புல்லை நீளக் கத்தியால் வெட்டிச் சீராக வைத்திருப்பது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். புல் வளர்ந்துவிட்டாலோ மழையில் தரை இளகிவிட்டாலோ மருந்தும் வராது, நோயாளியும் வெளியே போக முடியாது.

சுமந்தவர்களைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். ஒரு குடியிருப்பு ஆட்கள் தங்கள் நில எல்லை வரை தூக்கி வந்து, அடுத்த குடியிருப்பிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். தகடுகளைக் கம்பில் கட்டி இளைஞர்கள் தூக்கினார்கள். பேட்டரியை ஒரு பெண் 'பிலும்' என்கிற பின்னல் பையில் போட்டு, பையின் வாரை நெற்றியில் மாட்டி, வழுக்கும் மரக்கட்டைப் பாலத்தில் வெறுங்காலோடு நடந்தார். வெறும் கையோடு போன நான் அதே பாலத்தை உட்கார்ந்தபடி நகர்ந்து கடந்தேன்.

எல்லைகளில் சுமை சரிபார்த்த பெரியவர் எண்ணிய விதத்தைக் கணக்கு வாத்தியாரான என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. ஒக்சாப்மின் மக்கள் உடம்பால் எண்ணுவார்கள்: ஒரு கைக் கட்டைவிரலில் ஆரம்பித்து, விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என்று ஏறி மூக்கில் 14, அப்படியே மறுபக்கம் இறங்கி அடுத்த கைச் சுண்டுவிரலில் 27. இளைய தலைமுறை பள்ளிக்கூட எண்களுக்கு மாறிவிட்டது. பெரியவர் மாறவில்லை. நம் சுமைகள் அவர் மூக்கைத் தாண்டி மறு கண்ணில் வந்து நின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை.

"பாவம், பட்டினி கிடக்கிறார்களா?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இல்லை. தோட்டத்தில் சர்க்கரைவள்ளியும் சேம்பும் இருக்கின்றன, பன்றி நுழையாமல் வேலி போட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள், வந்தவனுக்கு முதலில் கிழங்குதான் கையில் வைத்தார்கள். 1997-லும் 2015-லும் எல் நினோ வந்து இந்த நாட்டின் மேட்டுநிலங்களில் வறட்சியும், உயரமான இடங்களில் உறைபனியும் கிழங்குக் கொடியைக் கருக்கியபோதுதான் பசி வந்தது. மற்ற நாட்களில் குறை வேறு மாதிரி. கையில் காசு இல்லை, விளைந்ததை விற்க வழி இல்லை. ராத்திரிக் குளிருக்கு வீட்டு நடுவே அடுப்பு, புகை போக ஜன்னல் இல்லை, குழந்தைகள் இருமிக்கொண்டே தூங்குகிறார்கள். இந்த நாட்டில் சின்னக் குழந்தைகளைக் கொல்லும் நோய்களில் நிமோனியா முன்வரிசையில் நிற்கிறது. வாத்தியார் சம்பளம் டவுன் பேங்கில் விழும், எடுக்கப் போனவர் திரும்ப விமானம் கிடைக்காமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வார், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அவரைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம்.

அதனால்தான் அந்த எய்ட் போஸ்ட்டை விடாமல் நடத்துகிற சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கு என் பெரிய நன்றி. மருந்துப் பெட்டி வராத மாதங்களிலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பிரசவம் சிக்கலானால் கம்பிலும் போர்வையிலும் தூளி கட்டி, தாயை ஓடுதளம் வரை தூக்கிப் போக ஆள் திரட்டுவதும் அவர்தான். விளக்கை மாட்டி முடித்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டார், உள்ளே வேலை இருக்கிறதாம்.

படம் கேட்டவர்களுக்கு: பிரசவ அறைப் படம் போட மாட்டேன். இறகும் புல்பாவாடையும் எதிர்பார்ப்பவர்கள் திருவிழாப் படங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவர்கள் அன்றாடம் நம்மைப் போல சட்டையும் டி-ஷர்ட்டும்தான் போடுகிறார்கள். தகடு மாட்டிய கூரைப் படம் இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன்.

மீதி இருக்கும் பணம் மோர்ஸ்பி அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு பகுதியை, பேட்டரி ஓய்ந்துபோனால் மாற்று வாங்கவும் அதன் விமானக் கூலிக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். மிச்சத்துக்குச் சுத்தமாகப் பிரசவம் பார்க்கத் தேவையான பொருட்கள் அடங்கிய பொட்டலங்கள் வாங்கி அடுத்த சரக்கில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். ரசீது வேண்டுபவர்கள் அக்காவிடம் கேளுங்கள், லாரிக் கூலிச் சீட்டு வரை வைத்திருக்கிறார்.