மைதானத்தை மாற்றும் முடிவு ரசிகரிடமே இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பணம் போட்டவருக்கே கழகம் சொந்தம், தீர்மானங்களை எடுக்கும் உரிமையும் அவருக்கே உரியது, ரசிகர்கள் சீட்டு வாங்கி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியவர்கள் என்ற வாதம், இங்கிலாந்து உதைபந்தாட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் நடுவிலும் கேட்கிறது. விம்பிள்டன் கழகத்தின் மைதானத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத விரும்புகிறேன்.

1889 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழைய விம்பிள்டன் கழகம், 1988 இல் லிவர்பூலை 1-0 என்று வென்று, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. மூன்றே ஆண்டுகளில் அது பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானத்தில் குடியிருக்கத் தொடங்கியது. பிளவ் லேன் நிலம் பின்னர் விற்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. சொந்த மண்ணை இழந்த கழகத்தை உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தபோது, ரசிகர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள். ஆயினும் உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த மூவர் குழு, 2002 மே 28 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி வழங்கியது. ஏறக்குறைய 90 கிலோமீற்றர், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளம் அளவு தூரம், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கழகம் இரண்டு பேருடைய வாக்கினால் பெயர்க்கப்பட்டது. ரசிகர்கள் தாங்களே புதிய கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை எழுதிவைத்தது. கழகத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று சொல்லப்பட்ட அந்த இடமாற்றம் நிறைவேறுமுன்பே, 2003 இல், பழைய கழகம் கடனில் மூழ்கி, கடன்பட்ட நிறுவனங்களைக் கையேற்க நியமிக்கப்படும் நிர்வாகிகளின் பொறுப்பில் விழுந்தது.

ரசிகர்கள் அறிக்கையைப் பொருட்படுத்தவில்லை. இரண்டே நாட்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கழகத்தைத் தொடங்கி, ஜூன் மாதம் விம்பிள்டன் பொதுவெளியின் புல்தரையில், விருப்பமுள்ள எவரும் வரலாம் என்று அறிவித்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 230 பேர் காலணியோடு வந்து நின்றார்கள். முதல் நட்புறவு ஆட்டத்துக்கே 4,657 பேர் திரண்டனர். இங்கிலாந்து லீக் வரிசையின் ஒன்பதாம் படிநிலையில் தொடங்கிய கழகம் ஒன்பதே ஆண்டுகளில், 2011 இல், தொழில்முறை லீக்கை அடைந்தது. பின்னர் பிளவ் லேனில், பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த நாய்ப் பந்தய அரங்கின் நிலத்தில், புதிய மைதானம் எழுந்தது. கட்டுமானத்துக்குப் பணம் போதாமல், வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுப்பதா என்ற பேச்சு வந்தவேளையில், ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கி 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டிக் கொடுத்துக் கழகத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 2020 நவம்பர் 3 ஆம் திகதி அங்கே முதல் ஆட்டம் நடந்தபோது கொரோனாக் கட்டுப்பாடு இருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் வீட்டில் இருக்க, விளக்குகள் எரிய, வெறும் இருக்கைகளின் முன்னே பந்து உருண்டது. எங்கள் தெருவில் அன்றிரவு சன்னல்களில் நீலமும் மஞ்சளுமான கழுத்துத் துண்டுகள் தொங்கியதை நான் மறக்கமாட்டேன்.

இதனால் எல்லாவற்றையும் ரசிகரே தீர்மானிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றால் பயிற்றுவிப்பாளரை நீக்கு என்று கத்துவது கூட்டத்தின் இயல்பு. அந்தக் கோபத்தை வாக்குச்சீட்டாக்கினால் எந்தக் கழகமும் நிலைக்காது. அங்கத்தவர்களே தலைவரைத் தெரிவுசெய்யும் பார்சலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று 2021 இல் அதன் தலைவரே அறிவிக்க நேர்ந்தது. வீரரை வாங்குவதும் விற்பதும் பயிற்றுவிப்பாளரை அமர்த்துவதும் தொழில் தெரிந்தவர்களுடைய வேலை. ஆனால், கழகத்தின் பெயரும் நிறமும் அது நிற்கும் மண்ணும் வேறு வகையானவை. உரிமையாளர்கள் வருவார்கள், போவார்கள், இவை தலைமுறைகளுக்குரியவை. 2012 இல் கார்டிஃப் கழகத்தின் உரிமையாளர் நீல நிறத்தைச் சிவப்பாக்கினார். ரசிகர்களின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பிறகு, 2015 இல், நீலம் திரும்பியது. சீருடையைத் திருப்பி மாற்ற முடிந்தது. விற்றுப்போன நிலத்தை அவ்வாறு மீட்க முடியாது என்பதற்கு அந்த அடுக்குமாடி வீடுகளே சாட்சி.

2025 ஜூலை 21 அன்று அரச ஒப்புதல் பெற்ற இங்கிலாந்தின் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டத்தில் எனக்குள்ள குறை இங்குதான் இருக்கிறது. கழகங்களைக் கண்காணிக்கும் சுயாதீன ஒழுங்குபடுத்துநரை அமைத்ததையும், ரசிகரைக் கலந்தாலோசிப்பதைக் கழகங்களுக்குக் கடமையாக்கியதையும் மனதார வரவேற்கிறேன். ரசிகரில் பெரும்பான்மையினரின் ஆதரவு இருந்தால்தான் சின்னத்தையும் சீருடையின் பிரதான நிறத்தையும் மாற்றலாம் என்று சொல்லும் அதே சட்டம், மைதானத்தை விற்கும் போதும் இடம் மாற்றும் போதும் இறுதி முடிவை ஒழுங்குபடுத்துநரிடம் விட்டுவிடுகிறது. ஒழுங்குபடுத்துநர் நேர்மையானவராக இருக்கலாம்; 2002 இன் மூவரும் தங்கள் மனச்சாட்சிப்படியே முடிவெடுத்திருக்கலாம். முடிவின் விளைவோடு வாழவேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

நம் ஊர் விளையாட்டுக் கழகங்களில், மைதானத்துக்கு மதில் கட்ட வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவரும், பொதுக்கூட்டத்தில் உள்ளூர் அங்கத்தவர் உயர்த்தும் அதே ஒரு கையைத்தான் உயர்த்தலாம். பணம் கொடுத்தவர் என்பதற்காக விளையாட்டிடத்தை அயலூருக்கு மாற்றும் உரிமை எவருக்கும் கிடைத்ததில்லை. இந்த முறைதான் சரியானது.

எனவே, ஒழுங்குபடுத்துநரின் அனுமதியோடு, பருவச்சீட்டு வைத்திருப்போரின் இரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் கிடைத்தாலன்றி மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள், குறிப்பாக ரூட்டிங், விம்பிள்டன் பகுதிகளில் வாழ்பவர்கள், தங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு இதனை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விம்பிள்டன், லண்டன்.