குரல் இல்லாத ரெண்டாவது தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம். அப்பாவோட முட்டி வலி அப்படியேதான் இருக்கு. நீ சுகமா இருப்பேன்னு நினைச்சுக்கறேன். வைட்டமின் டி விடாம சாப்பிடு. ஃபின்லாந்துல நீ இருக்கிற ஔலு ஊர்ல டிசம்பர்ல மூணரை மணி நேரம்தான் வெளிச்சம்னு நீயே ஒரு தடவை சொன்னே. இப்போ ஜனவரி, கொஞ்சம் கூடியிருக்கும். இருந்தாலும் அந்த வெள்ளை விளக்கைக் காலைல போட்டுக்கோ.

நீ ஃபோன் எடுக்கலைங்கறதுக்காகக் கடுதாசி எழுதறதா நினைச்சுக்காதே. உன் பொருள் ஒண்ணு கிடைச்சிருக்கு, அதுக்குத்தான் எழுதறேன்.

நம்ம பில்டிங்ல பழைய குழாய் எல்லாம் மாத்தப் போறாங்க. கீழ்த்தளத்துல நம்ம கம்பிக்கூண்டு ரூமைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் போட்டாங்க. அங்க ஃபாசர் சாக்லேட் நீல டப்பாவுக்குள்ள, உன் ஸ்கேட்டிங் ஷூ லேசுக்கு அடியில அந்த சிடி இருந்தது. ஃபின்லாந்து மெட்டல் குழு நைட்விஷ்ஷோட டார்க் பேஷன் ப்ளே. 2007 செப்டம்பர்ல வெளிவந்த அன்னிக்கே ஸ்கூல்லேருந்து நேரா கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தியே, அது.

மேல கொண்டுவந்து சமையலறை ப்ளேயர்ல போட்டேன். வாத்தியம் வந்தது, வயலின் கூட்டம் வந்தது, ட்ரம்ஸ் வந்தது. பாடறவங்களைக் காணோம். ப்ளேயர் கெட்டுப்போச்சுன்னு அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு உட்கார்ந்துட்டார். ரெண்டு நாள் அதைப் பிரிச்சுப் போட்டு, மூணாம் நாள் அட்டையைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது, அது ரெண்டாவது தட்டாம். பாட்டெல்லாம் அதேதான், குரலை மட்டும் எடுத்துட்டு வாத்தியத்தோட வச்சிருக்காங்க. ஸ்க்ரூ ஒண்ணு மிச்சம் ஆயிடுச்சு. ஆனா ஓடுது.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திக்கிட்டு உன் ரூம்ல நீ பாடினது இந்த ரெண்டாவது தட்டு மேலதான், இல்லையா? புது ஆளு பாடினது பிடிக்காம, நீயே பழைய பாடகி தார்யா மாதிரி தொண்டையைத் திறந்து பாடினே. நான் வெளியில துணி மடிச்சிட்டிருப்பேன். சுருதி நிக்குதா நிக்குதான்னு கேட்டுட்டே மடிப்பேன். நின்னுது. அன்னிக்கு உன்கிட்ட அதைச் சொன்னதில்லை. பரீட்சைக்குப் படிக்கலையான்னுதான் கதவைத் தட்டினேன்.

சிடிக்குள்ள இருக்கிற புத்தகத்துல பாட்டுங்களுக்குப் பள்ளிக்கூட மார்க் மாதிரி 4லேருந்து 10 வரைக்கும் போட்டு வச்சிருக்கே. பென்சில்ல நீ. பச்சை மசியில மூணாம் மாடிப் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரு பாட்டுலயாவது ஒத்துப்போகணுமே! அமரந்த்துக்கு அவ 10 போட்டிருக்கா, நீ 7½ போட்டு, ரேடியோவுக்காகப் பண்ணினதுன்னு எழுதியிருக்கே. தீவுக்காரன் பாட்டு, அந்தக் குழுவுல இருந்த மார்க்கோ கிட்டார் வச்சுக்கிட்டுப் பாடறது, அதுக்கு நீ 9, அவ தூக்கம் வருதுன்னு 6. பை பை பியூட்டிஃபுல்லுக்கு நீ 4 போட்டுப் பக்கத்துல தமிழ்ல 'அநியாயம்'னு எழுதியிருக்கே. அவளுக்குப் படிக்கத் தெரியக்கூடாதுன்னுதானே! எழுத்து நல்லாத்தான் இருக்கு, 'நி'யில மேல்விலங்கு மட்டும் கோணல்.

அந்த வயசுல ஊரே இப்படித்தான் ரெண்டா நின்னுது, எனக்கு ஞாபகம் இருக்கு. தார்யா இல்லாம அது நைட்விஷ்ஷே இல்லைன்னு ஒரு கட்சி. பாட்டு எழுதறது துவோமஸ், பாடறது யாரா இருந்தா என்னன்னு இன்னொரு கட்சி. ஸ்வீடன்லேருந்து வந்த புதுப் பாடகி அனெட் குரல் சினிமாப் பாட்டு மாதிரி இருக்குன்னு சிலர். புதுப் பாட்டுக்கு அதுதான் சரி, பழைய பாட்டை மேடையில பாடும்போதுதான் இடிக்குதுன்னு சிலர். நீ இதுல எந்தக் கட்சின்னு அன்னிக்கு எனக்குப் புரியல. தார்யாவுக்காக ஒரு வாரம் சாப்பிடாம அழுதவ, அப்புறம் கியூல நின்னு இதை வாங்கிட்டு வந்தே. வாங்கிட்டு வந்து அநியாயம்னு எழுதறே.

எனக்குச் சங்கீதம் கொஞ்சம் தெரியும், அதனால சொல்றேன். தார்யா பாடறது நெஞ்சுலேருந்து மண்டை வரைக்கும் கட்டடம் கட்டற மாதிரி. அனெட் பாடறது பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்ற மாதிரி. ரெண்டும் வேற வேற வித்தை. அந்தப் பொண்ணோட குத்தம், இன்னொருத்தி காலி பண்ணின வீட்டுக்குக் குடிவந்ததுதான். 2,000 பேருக்கு மேல குரல் அனுப்பினாங்களாம், அதுலேருந்து எடுத்த பொண்ணு. 2008ல பிரேசில்ல மேடையிலேருந்து அழுதுகிட்டே இறங்கிப் போச்சாம். 2012ல பாதிப் பயணத்துல அதுவும் விலகிடுச்சு. அவங்க அம்மா ஸ்வீடன்ல டிவி முன்னாடி உட்கார்ந்துட்டு என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

சாப்பிடறியா? மூணாம் மாடி அம்மாவை லிட்ல் கடையில பார்த்தேன். நீ ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறதா அவங்க பொண்ணு சொன்னாளாம். கோரஸுக்கும் போறதில்லையாம். அவங்களா சொன்னாங்க, நான் கேட்கல. லீவு போட்டா நல்லதுதான், ரெஸ்ட் எடுக்கணும். பகல்ல வெளியில நடந்துட்டு வா. வைட்டமின் டி சாப்பிடு.

2006 கோடையில உன் பிடிவாதத்துக்காக நைட்விஷ்காரங்க ஊருக்குப் போனோமே, அப்பா இன்னிக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஊர் பேரு கிதே. "கிட்டேன்னு பேர் வச்சுக்கிட்டு 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு"ன்னார். ஒரு ஏரி, ஒரு சர்ச், ஒரு கடை. தார்யா, துவோமஸ், கிட்டார் வாசிக்கிற எம்ப்பு மூணு பேரும் அந்த ஊர்தான். நீ ஏரிக்கரையில ரொம்ப நேரம் நின்னே. சின்ன ஊர்ல சின்ன வயசுலேருந்து தெரிஞ்சவங்க, 1996லேருந்து ஒரே வண்டியில ஊர் ஊராப் போனவங்க, அவங்களே கடுதாசி எழுதித்தான் பிரியணுமான்னு கேட்டே. நான் கொசு கடிக்குது வான்னேன்.

அந்தக் கடுதாசி. 2005 அக்டோபர் 21, ஹெல்சிங்கி ஹார்ட்வால் அரேனா. நீ அந்தக் கச்சேரிக்குப் போகணும்னு ஒரு மாசம் கேட்டே. 13 வயசு, ராத்திரி, அவ்வளவு கூட்டம், அக்டோபர் மழை. அடுத்த தடவை போகலாம்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி கச்சேரி முடிஞ்சப்புறம்தான் மத்த நாலு பேரும் தார்யா கையில அந்தக் கடுதாசியைக் கொடுத்தாங்க. அடுத்த தடவைன்னு ஒண்ணு வரவே இல்ல. உனக்கு அதுல என்மேல கோவம் இருக்குன்னு தெரியும். இருக்கட்டும்.

கடுதாசியைக் கையில மட்டும் கொடுத்தா போதாதுன்னு ஊரே படிக்கிற மாதிரி வெளியிட்டுட்டாங்க. கடை வாசல்ல சாயங்காலப் பேப்பர் விளம்பரத் தாள்ல கொட்டை எழுத்து. நீ அதைச் சாப்பாட்டு மேஜையில வச்சு, ஃபின்னிஷ்லேருந்து வரி வரியாத் தமிழ்ல எனக்குச் சொன்னே. நீ மாறிட்டே, உன் புருஷன் மாத்திட்டார், பணம் பெரிசாயிடுச்சு, இனிமே சேர்ந்து இருக்க முடியாது. கீழ நாலு கையெழுத்து. பதிமூணு வயசுல அவ்வளவு அழகா மொழிபெயர்த்தே. எந்த வீட்டுப் பிள்ளை பண்ணும்? அப்பா அன்னிக்கு ஊருக்கு ஃபோன் பண்ணிப் பெருமையாச் சொன்னார்.

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? வத்தக்குழம்பு பரிமாறிக்கிட்டே சொன்னேன். "வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ள வச்சுக்கணும். இப்படித் தெருவுல ஒட்டறவங்க மனுஷங்களா?"ன்னேன். நீ நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினே. நம்ம வீட்ல அப்படி நடக்காதுன்னு நம்பின மாதிரி.

அதுதான் பாப்பா, இந்தச் சிடியைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வாரமா உட்கார்ந்திருக்கேன்.

சேலத்து விஷயம் நடந்தப்போ நீ என்கிட்ட மட்டும் சொன்னே. ரயில்லேருந்து இறங்கினதும் ஸ்டேஷன்லேருந்தே ஃபோன் பண்ணிச் சொன்னே. யார்கிட்டயும் இப்போ சொல்லாதேம்மான்னே. அதுக்கு அஞ்சாம் நாள் ராத்திரி நான் குடும்பக் குரூப்ல எழுதினேன். 61 பேர். நாலு பத்தி. உன்னை யாரோ மாத்திட்டாங்கன்னு எழுதினேன். படிப்பும் சம்பளமும் தலைக்கேறிடுச்சுன்னு எழுதினேன். கடைசி வரி உனக்கே தெரியும், மறுபடி எழுதமாட்டேன். பெரியத்தை கும்பிடற கை பொம்மை போட்டாங்க. சேலத்து ஆளுங்க காதுக்குப் போகணும், நாங்க உன் பக்கம் இல்லைன்னு தெரியணும், நம்மளை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது, அதுக்காகத்தான் எழுதினேன். உன்னைத் திருத்தறதுக்காகன்னு அப்பாகிட்டச் சொன்னேன். அது பொய்.

யார் யார் படிச்சாங்கன்னு காட்டும் இல்லையா, அதை அழுத்திப் பார்த்துக்கிட்டே இருந்தேன். 11:40க்கு உன் பேர் வந்தது. அப்பவே அழிச்சிருக்கலாம். அழிக்கல. காலைலதான் அழிச்சேன். இப்பவும் அந்த குரூப்ல மேல தள்ளிக்கிட்டே போனா, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு ஒரு வரி நிக்குது. அதை எப்படி எடுக்கறதுன்னு அப்பாகிட்டக் கேட்டேன். எடுக்க முடியாதாம்.

நைட்விஷ்காரங்களாவது நாலு பேர் கையெழுத்துப் போட்டாங்க. நான் அப்பா பேரையும் சேர்த்துப் போட்டேன். அவர் தூங்கிட்டிருந்தார். இது உனக்குத் தெரியாது. நீ அவர்மேல மூணு வருஷமா வச்சிருக்கிற கோவம் எனக்கு வரவேண்டியது.

வேற என்ன எழுதறதுன்னு தெரியல. சின்னவன் வீட்ல பொண்ணு பிறந்திருக்கு, 3 கிலோ 200. மத்தது அப்புறம்.

தார்யாவும் மார்க்கோவும் இப்போ சேர்ந்து பாடறாங்களாம், தெரியுமா? அந்த நாலு கையெழுத்துல ஒண்ணு மார்க்கோவோடது. 2021ல அவர் குழுவை விட்டுப் போயிட்டார். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்கறாங்க. உனக்கு எதையும் சொல்லிக்காட்டறதுக்காக இதை எழுதல. பார்த்தேன், சொல்லணும்னு தோணிச்சு.

முதல் தட்டை முழுசாக் கேட்டேன். 5 லட்சம் யூரோவுக்கு மேல செலவு பண்ணி லண்டன் ஆபி ரோட் ஸ்டூடியோல ஆர்கெஸ்ட்ரா வச்சாங்களாம், அப்பா அதுக்கும் கணக்குப் போடறார். எனக்கு அந்தச் சத்தம் சில இடத்துல அதிகம்தான். பை பை பியூட்டிஃபுல்ல பல்லவியை மார்க்கோ கத்தறார், சரணத்தைப் பாவம் அந்தப் புதுப் பொண்ணு பாடுது. தனக்கு முன்னாடி இருந்தவளைத் திட்டற பாட்டைப் புதுசா வந்தவளைப் பாடச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. நீ போட்ட 4 சரி. ஏவா பாட்டை அடுப்பை அணைச்சுட்டு நின்னுக்கிட்டே மூணு தடவை கேட்டேன். பனி கொட்டற காலைல வீட்டை விட்டுக் கிளம்பற பொண்ணு. நீ 8 போட்டிருக்கே, நான் 9½ போடறேன். முதல் பாட்டு, அந்தப் பதினாலு நிமிஷப் பாட்டு, அதுல துவோமஸ் தன்னையே சாகடிச்சுக்கிறார். அஞ்சு பாகத்துல கடைசிப் பாகத்துக்கு 'அம்மாவும் அப்பாவும்'னு பேர். அந்தப் பேரைச் சுத்தி நீ பென்சில்ல வட்டம் போட்டிருக்கே. ஏன்னு கேட்க மாட்டேன்.

என் மார்க்கைச் சிவப்புப் பேனால போட்டிருக்கேன். பதிமூணாவது பாட்டுக்கு நீயும் போடல, நானும் போடல.

சிடியைப் பார்சல்ல அனுப்பறேன், ரெண்டு தட்டும். கூட சாம்பார் பொடி, எலுமிச்சை ஊறுகாய் (எண்ணெய் வழியாம ரெண்டு கவர் போட்டிருக்கேன்), கம்பளி சாக்ஸ், வைட்டமின் டி ரெண்டு டப்பா. பார்சல் வந்ததும் உன் ஃபோனுக்கு நம்பர் வரும். ஒரு வாரம்தான் கடையில வச்சிருப்பாங்களாம், அப்புறம் திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு பத்து நிமிஷம் வெளிய போய் எடுத்துக்கோ. தொப்பி போட்டுக்கிட்டுப் போ.

நீ ஃபோன் பண்ணணும்னு இல்ல. பார்சலை எடுத்துட்டா எனக்கு மெசேஜ் வந்துடும்.

அம்மா