வெசனப்படாத மாப்ள

மாப்ள,

உன்ற மெசேஜ் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. மருமகளுக்கு அஞ்சாம் மாச ஸ்கேன்ல கொழந்தை நுரையீரல்ல கட்டி மாதிரி இருக்குது, சிபிஏஎம்னு போட்டிருக்காங்கன்னு எழுதியிருந்தியே, அது கேன்சர் இல்லடா, நுரையீரல் உருவாகறப்பவே ஒரு பகுதி சரியா அமையாம குமிழி குமிழியா நின்னுபோறது, தாய் தின்னதுனாலயோ செஞ்சதுனாலயோ வர்றதில்ல. கிரகணத்துல வெளிய போனதுனாலதான்னு ஒறம்பறை பேசறாங்கன்னியே, அந்தப் பேச்ச மொதல்ல நிறுத்தச் சொல்லு, அந்தப் புள்ள நொந்துபோயிரும்.

எம் பேரனுக்கு வயித்துல இருக்கறப்ப ஒண்ணும் தெரியல. மூணு வயசுக்குள்ள மூணு வாட்டி நிமோனியா, இங்க கோபியில காட்டுனா ஒவ்வொரு தடவையும் நெபுலைசர், ஆன்டிபயாடிக், சளிதானுங்கன்னு அனுப்பிருவாங்க. கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாதான் பழைய எக்ஸ்ரே மூணையும் லைட்டுப் பொட்டியில வரிசையா மாட்டி பேனாவுல தொட்டுத் தொட்டுக் காட்டுனாங்க, மூணுலயும் இடது பக்கம் அடியில அதே மூலையில வெள்ளை. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா சும்மா சளின்னு வுடக்கூடாதுங்கன்னாங்க. மருந்து ஏத்தி சிடி எடுத்தா அந்தத் துண்டு மூச்சுக்குழாயோட சேரவே இல்ல, ரத்தம் நேரா பெரிய ரத்தக்குழாய்ல இருந்து வருது. இதுக்குப் பேரு சீக்வெஸ்ட்ரேஷனாம், இதுவும் உங்களுதாட்டம் நுரையீரல் உருவாகறப்பவே வர்ற கோளாறுதான். அந்த அடிப்பகுதிய எடுத்துட்டாங்க, சின்ன வயசுல மிச்ச நுரையீரல் வளந்து ஈடுகட்டிரும்னாங்க, இப்ப வாய்க்கா வரப்புல ஓடறவன என்னால புடிக்க முடியல.

உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதான் மாப்ள. ஏழாம் மாசம் வரைக்கும் அந்தக் கட்டி வளரலாம், அப்பறம் நெறைய பேருக்கு நின்னுரும், சுருங்கவும் செய்யும், அதனால ஸ்கேன வுட்டுறாதீங்க, ரொம்பப் பெருசானா தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. பிரசவம் மட்டும் கொழந்தை சர்ஜனும், பச்சக் கொழந்தைங்களுக்கான ஐசியூவும் (என்ஐசியூ) இருக்கற எடத்துல வெச்சுக்கோங்க. பொறந்து நல்லா அழுது, எக்ஸ்ரேயும் கிளீனா இருந்தா சரியாப்போச்சுன்னு வூட்டுக்கு வந்துராதீங்க, எக்ஸ்ரேல தெரியாதது சிடியில தெரியும், சில மாசத்துல எடுத்தே ஆகணும். ஆபரேஷனா, பாத்துட்டு இருக்கலாமாங்கறதுல டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குது, அத அப்ப பேசிக்கலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சு அனுப்பு, அந்த டாக்டரம்மாகிட்ட காட்டறேன். ஞாயித்துக்கெழம நானும் அவளும் வர்றோம், மருமகளுக்குப் புடிக்கும்னு கச்சாயம் சுடறதா சொல்லிட்டு இருக்கறா.